தந்தையின் பட்டாளமும் மகளின் மனுவும்

ரயில்வே பாஸ் விதிகளில் நேயர்களுக்கு எழும் ஐயங்களுக்கு இம்மாதம் விடை எழுதுவதாகச் சென்ற இதழில் வாக்களித்திருந்தேன். அதை அடுத்த இதழுக்கு ஒத்திப்போடுவதை நேயர்கள் பொறுத்தருள வேண்டும். ஒரு பிழையை ஒப்புக்கொள்ள வேண்டிய கடமை குறுக்கிட்டுவிட்டது. பிழை என்னுடையது. அதன் பலனை அனுபவித்தது பிறர் வீட்டுப் பெண். இவ்வாண்டும் மருத்துவக் கல்லூரிக்கு மனுப் போடும் பருவம் நெருங்குகிறது. என் கையால் நேர்ந்தது இன்னொருவர் கையால் நேராதிருக்க வேண்டுமாயின், வெட்கத்தைச் சற்று ஒதுக்கிவைத்து எழுதுவதே முறை.

எங்கள் காலனிக்கும் தேவளாலிக்கும் தொலைவு அதிகமில்லை. அங்கே பீரங்கிப் படையின் பயிற்சிப் பள்ளி இருப்பதை நாசிக் பக்கத்துத் தமிழர் அனைவரும் அறிவர். அப்படையில் ஹவில்தாராக இருந்த ஒருவர், வேலூர்ப் பக்கத்தார், நமது சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு ஆண்டுதோறும் குடும்பத்துடன் வருவார். பந்தல் கட்டுவது முதல் பந்தி பரிமாறுவது வரை அவர் கை படாத வேலை இராது. வேலூர்ப் பக்கத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊர் குறைவு. அவருடைய தந்தையும் சிப்பாய், சிற்றப்பனும் சிப்பாய். ஒரே மகள். பத்தாம் வகுப்பை ஜம்முவில் தேறினாள். தகப்பனாருக்கு மாற்றல் கிடைத்து இங்கு வந்தபின் பதினொன்றும் பன்னிரண்டும் படித்தாள். மருத்துவம் படிக்க வேண்டுமென்று சிறு வயது முதலே ஒரே பிடிவாதம்.

இருபத்து நான்கு ஆண்டுச் சேவை முடிந்து, சென்ற ஆண்டு ஏப்ரல் 30-ஆம் தேதி அவர் ஓய்வு பெற்றார். அடுத்த வாரம் பெண் நீட் தேர்வு எழுதினாள். ஓய்வு பெற்றதற்காக ஒரு தேநீர் விருந்து நடந்தது. நானும் போயிருந்தேன், மாலை போட்டேன், சமோசாவும் தின்றேன். இதைக் குறிப்பிடுவதற்குக் காரணமுண்டு. அவர் ஓய்வு பெற்றது எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு வழியில்லை.

மதிப்பெண் வந்தது. நல்ல மதிப்பெண்தான், ஆயினும் அகில இந்திய ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கும் அளவுக்கு இல்லை. பட்டாளத்தார் பிள்ளை என்ற பிரிவில் கேட்டால் கிடைக்கக்கூடும் என்று எல்லோரும் சொன்னார்கள். "தம்பி, நீதான் ஆபீஸ் காகிதம் அறிந்தவன். நீயே நிரப்பிக் கொடு" என்றார் ஹவில்தார். மெட்ரிகுலேஷன் தேறிய குமாஸ்தாவுக்கு இதைவிடப் பெரிய மரியாதை என்ன வேண்டும்? ஓரிரவு எங்கள் வீட்டுக் கணிப்பொறியின் முன் அமர்ந்து மகாராஷ்டிர மாநிலத்து மனுவை நானே நிரப்பினேன். பெண் அருகில் அமர்ந்து தாள்களை எடுத்துத் தந்தாள்.

அம்மனுவில் பட்டாளத்தார் பிள்ளைகளுக்கு மூன்று வகுப்புகள் உண்டு. மகாராஷ்டிரத்தையே வாசஸ்தலமாக உடைய முன்னாள் படைவீரரின் பிள்ளைகள் டி-1. அதே வாசஸ்தலமுடைய, இன்னும் சேவையிலிருப்பவரின் பிள்ளைகள் டி-2. வேறு மாநிலத்தவராயினும் சேவையின் நிமித்தம் இங்கு மாற்றப்பட்டிருப்பவரின் பிள்ளைகள் டி-3. இவர் வேலூர்க்காரர், மாற்றலில் வந்தவர், ஆகவே டி-3 என்று நான் கணக்கிட்டேன். பெண்ணின் பள்ளிக்காக முந்திய ஆண்டு படைப்பிரிவில் வாங்கிய சான்றிதழ் ஒன்று கோப்பில் இருந்தது. அதையே இணைத்தேன். கட்டத்தைத் தொட்டேன். அனுப்பினேன். 'சேவையிலிருப்பவர்' என்ற சொல் என் கண்ணில் படாமலில்லை. இருபத்து நான்கு ஆண்டு பட்டாளத்திலிருந்தவரை வேறெப்படி எண்ணுவது என்று மனம் அதைத் தாண்டிப் போய்விட்டது.

சான்றுகளைச் சரிபார்க்கும் நாளில் தகப்பனாரும் மகளும் போனார்கள். பாஸ் இருந்ததால் நானும் உடன் போனேன். மேஜைக்குப் பின்னாலிருந்த அதிகாரி பொறுமையுள்ளவர். டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கேட்டார், முதல் பக்கத்தைப் புரட்டினார், தேதியைப் பார்த்தார். "இவர் ஓய்வு பெற்றவர். இது டி-3 அன்று" என்றார். அப்படியானால் டி-1 ஆக மாற்றிக்கொள்ளலாமா என்று நான் கேட்டேன். தகப்பனாரின் மகாராஷ்டிர வாசஸ்தலச் சான்றிதழ் எங்கே என்று அவர் கேட்டார். அது எப்படி இருக்கும்? ஓராண்டு இங்கிருந்தால் மூன்றாண்டு எல்லைப்புறத்தில் இருந்த மனிதர் அவர். பெண் பத்தாம் வகுப்பை வெளி மாநிலத்தில் தேறியவள். டி-3 பிரிவுக்கு மட்டும் அவ்விஷயத்தில் விலக்கு உண்டு. அப்பிரிவு போனவுடன் மாநிலப் பட்டியலிலேயே அவளுக்கு இடமில்லாமற் போயிற்று.

அந்த அதிகாரிமீது எனக்கு எவ்விதக் குறையுமில்லை. அவர் விதியைப் படித்திருந்தார், நான் படிக்கவில்லை.

ரயிலில் திரும்புகையில் உடன் வந்த வேறொரு தகப்பனார், அவரும் நம்மவர்தாம், ஒரு யோசனை சொன்னார். பழைய படைப்பிரிவில் தெரிந்தவர்கள் இருப்பார்கள்; இன்னும் சேவையில் இருப்பதாக ஒரு சான்று எழுதி வாங்கி மேல்முறையீடு செய்தால் என்ன என்றார். ஹவில்தார் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எனக்கு எழுதிக் கொடுக்கும் சுபேதாருக்கும் ஒரு பெண் இருக்கிறாள் ஐயா" என்று மட்டும் சொன்னார். பிறகு கல்யாண் வரும்வரை யாரும் பேசவில்லை. பெண் ஜன்னலோரத்தில் அமர்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வீடு வந்த பிறகுதான் நான் விதிகளைப் படிக்க உட்கார்ந்தேன். மனுவை அனுப்பும் முன் செய்ய வேண்டியதை அனுப்பிய பின் செய்தேன். அப்போதுதான் ஒரு விந்தை புலப்பட்டது. ஏப்ரல் 30 என்ற அந்த ஒரு தேதி இங்கே ஒரு கதவை அடைத்ததென்றால், வேறு இரண்டு கதவுகளைத் திறந்துவிட்டிருந்தது!

முதலாவது டில்லி. மத்திய அரசின் தொகுப்பிலிருந்து சில எம்.பி.பி.எஸ். இடங்களைப் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழுள்ள கேந்திரீய சைனிக் போர்டு பங்கிட்டுத் தருகிறது. இடங்கள் மிகச் சிலவே. ஆனால் வாசஸ்தலம் குறுக்கே நிற்பதில்லை. அங்கே ஒன்று முதல் ஒன்பது வரை முன்னுரிமை வரிசை வகுத்திருக்கிறார்கள். போரில் உயிர் நீத்தவரின் மனைவி மக்கள் முதலாவது. போரில் உறுப்பிழந்து சேவையிலிருந்து விடுவிக்கப்பட்டவரின் மக்கள் இரண்டாவது. சேவையின் காரணமாக இறந்தவரின் குடும்பமும், சேவையின் காரணமாக உடல் ஊனமுற்று வெளிவந்தவரின் மக்களும் மூன்றாவது, நான்காவது. வீரப் பதக்கம் பெற்றவரின் மக்கள் ஐந்தாவது. முன்னாள் படைவீரரின் மக்கள் ஆறாவது. இன்னும் சேவையிலிருப்பவரின் மக்கள் எட்டாவது. ஏழும் ஒன்பதும் மனைவியருக்கானவை. ஆக, ஏப்ரல் 30-ஆம் தேதி மாலையில் இந்தப் பெண் எட்டாம் படியிலிருந்து ஆறாம் படிக்கு ஏறியிருந்தாள். வீட்டில் ஒருவருக்கும் அது தெரியாது. சமோசா தின்ற எனக்கும் தெரியாது. அதற்கான மனு தனி, தேதி தனி, அத்தேதியும் போய்விட்டிருந்தது.

இரண்டாவது தமிழ்நாடு. அங்கே மருத்துவப் படிப்பில் முன்னாள் படைவீரரின் மக்களுக்கெனச் சில இடங்களை ஒதுக்குகிறார்கள். பிள்ளை வெளி மாநிலத்தில் படித்திருப்பினும், பெற்றோர் தமிழ்நாட்டின் பூர்வீகக் குடிகள் என்பதற்குத் தாசில்தார் தரும் பிறப்பிடச் சான்று முதலியன இருந்தால் மனுச் செய்ய இடமுண்டு. வெளியில் வாழும் நம்மவர் பலர் 'ஊரை விட்டு வந்துவிட்டோம், இனி அங்கே நமக்கென்ன' என்று இதை விசாரிப்பதே இல்லை. நானும் விசாரிக்கவில்லை. விசாரித்தபோது மனு வாங்கும் தேதி முடிந்து சில நாட்களே ஆகியிருந்தன.

இவற்றோடு டில்லிக் கன்டோன்மென்டில் 2008-ஆம் ஆண்டு தொடங்கிய இராணுவ மருத்துவக் கல்லூரி ஒன்றும் இருக்கிறது. தரைப்படையினரின் பிள்ளைகளுக்கென்றே நடத்தப்படுவது அது. குறைந்தது பத்தாண்டுச் சேவை கேட்பார்கள். கட்டணம் அரசுக் கல்லூரியைப் போலச் சொற்பமன்று. ஓய்வூதியத்தைக் கணக்கிட்டுப் பார்த்துவிட்டே போக வேண்டும். கடற்படை, விமானப்படைக் குடும்பங்கள் அதை நம்பி நாளைக் கழிக்க வேண்டாம்.

பட்டாளத்துச் சேவை ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு பட்டியலும் அதை நோக்கி வேறு வேறு கேள்வி கேட்கிறது. எந்த மண்ணைச் சேர்ந்தவர் என்று ஒன்று கேட்கிறது. இன்றும் சேவையிலிருக்கிறாரா என்று இன்னொன்று கேட்கிறது. எப்படி வெளிவந்தார் என்று மற்றொன்று கேட்கிறது. 'எங்கள் அப்பா பட்டாளம்' என்ற ஒரே விடையை எல்லாவற்றுக்கும் எழுதினால் என் கதிதான் நேரும்.

எப்படி வெளிவந்தார் என்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் மனம் நோவது அதிகம். ஊரார் பட்டாளத்தார் என்று அழைப்பவரெல்லாம் சர்க்கார் விதிப்படி முன்னாள் படைவீரர் ஆகிவிடுவதில்லை. மத்திய அரசு 1979-இல் வெளியிட்ட மறுவேலை விதிகளும் அவற்றின் திருத்தங்களும் இதை வரையறுத்திருக்கின்றன. ஓய்வூதியம் பெறும் தகுதியுடன் வெளிவந்தவர் முன்னாள் படைவீரர். சிப்பாய்க்கு அதற்குப் பதினைந்து ஆண்டுச் சேவை வேண்டும். சேவையால் நேர்ந்த நோயோ ஊனமோ காரணமாக ஊனமுற்றோர் ஓய்வூதியத்துடன் விடுவிக்கப்பட்டவரும் முன்னாள் படைவீரரே. ஆட்குறைப்பில் வெளிவந்தவருக்கும், ஒப்பந்த காலம் முடிந்து பணிக்கொடையுடன் வந்தவருக்கும் வழியுண்டு. ஆனால் ஓய்வூதியத் தகுதி வருமுன் சொந்த விருப்பத்தின் பேரில் விலகியவருக்கு அப்பெயர் இல்லை. தாயார் படுத்த படுக்கையாகக் கிடந்ததற்காகவோ, தம்பி தங்கைகளைக் கரையேற்றுவதற்காகவோ ஒன்பதாம் ஆண்டில் எழுதிக்கொடுத்துவிட்டு வந்தவர்களை நான் அறிவேன். சேவை சேவைதான், ஆயினும் மனுவில் அக்கட்டத்தைத் தொடக்கூடாது. பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சரிபார்க்கும் மேஜையின் முன் நின்று பிள்ளை முதன்முதலாகத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தியன்று இது.

ரயில்வே நேயர்களில் சிலர் டெரிடோரியல் ஆர்மியில் இருந்ததைக் காட்டிக் கேட்கிறார்கள். 1949-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆம் தேதி ராஜாஜி கவர்னர் ஜெனரலாயிருந்தபோது தொடங்கி வைத்த படை அது. ரயில்வேக்காரரைக் கொண்டே அமைந்த பிரிவுகளும் அதில் இருந்தன. அதில் பெயரிருந்தால் மட்டும் போதாது. தொடர்ச்சியாகச் சேவைக்கு அழைக்கப்பட்டு அதற்காக ஓய்வூதியம் பெறுபவர், சேவையால் ஊனமுற்றவர், வீரப் பதக்கம் பெற்றவர் ஆகியோரே கணக்கில் வருவர். ரயில்வே பாதுகாப்புப் படை, சி.ஆர்.பி.எஃப்., எல்லைப் பாதுகாப்புப் படை முதலியவற்றிலிருப்போர் துப்பாக்கி ஏந்துவது உண்மை. ஆயினும் சைனிக் போர்டின் வரிசை அவர்களுக்கானதன்று. மத்திய ஆயுதப் போலீஸ் படையினரின் பிள்ளைகள் உள்துறை அமைச்சகத்தின் வழியை விசாரிக்க வேண்டும்.

மாறாக, பட்டாளத்தில் ஓய்வூதியம் பெற்று, பின் ரயில்வேயில் பாயின்ட்ஸ்மேனாகவோ காவலாளியாகவோ வேலைக்கு வந்தவர்கள், 'இப்போது நான் ரயில்வேக்காரன்தானே' என்று வாளாவிருந்துவிடுகிறார்கள். இரண்டாம் உத்தியோகம் முதல் சேவையை அழிப்பதில்லை. இம்மாநிலத்திலேயே நெடுநாள் குடியிருந்து வாசஸ்தலச் சான்று பெறத்தக்கவரானால் அவர்களுடைய பிள்ளைகளுக்கு டி-1 கதவு திறந்திருக்கிறது. எங்கள் ஆபீஸிலேயே அப்படி ஒருவர் இருந்தார். தகுதியிருந்தும் அவர் மகன் பொதுப்பிரிவில் மட்டும் போட்டுவிட்டு, இடம் கிடைக்காமல் வேறு படிப்புக்குப் போனான். 'சலுகை கேட்பது கௌரவக் குறைவு' என்றார் அவர். அது அவர் கொள்கையானால் நான் வணங்குகிறேன். பையனையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

வீரப் பதக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பரம்வீர் சக்கரம் முதல் சேனா மெடல் வரை எல்லோரும் அறிவார்கள். 'மென்ஷன் இன் டிஸ்பாட்சஸ்' என்ற குறிப்பும் ஐந்தாம் வரிசையில் சேரும் என்பதைப் பலர் அறியார். தளபதியின் பாராட்டு அட்டை அவ்வரிசையில் இல்லை. அதைச் சுவரில் மாட்டிப் பெருமைப்படலாம். மனுவில் எழுதிப் பயனில்லை.

இனிப் பெயர் விஷயம். தமிழர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதுதான் பெருந்தொல்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முதலெழுத்தோடு சரி. வடக்கே பள்ளியில் சேர்க்கும்போது தகப்பனார் பெயரை நீட்டி எழுதிப் பிள்ளையின் பெயருக்குப் பின்னால் ஒட்டிவிடுகிறார்கள். பட்டாளத்து ஏட்டில், பிள்ளை பிறந்தபோது படைப்பிரிவு வெளியிட்ட பார்ட் டூ ஆர்டரில், வெறும் பெயர் மட்டும் இருக்கும். சண்முகம் என்ற ஒரே பெயர் மூன்று தாளில் மூன்று விதமாக, ஆங்கிலத்தில் ஒரு 'ஹெச்' கூடியும் குறைந்தும் நிற்கும். நம் ஹவில்தார் வீட்டிலும் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பெண்ணின் பெயர் ஒரு விதம், பள்ளிச் சான்றில் ஒரு விதம். சேவையிலிருக்கும்போது படைப்பிரிவின் மூலமே திருத்தம் கேட்கலாம். ஓய்வுக்குப் பின் ரிக்கார்டு ஆபீஸுக்கு எழுத வேண்டும். பீரங்கிப் படைக்கு அது நாசிக் ரோடு முகாமில் இருப்பதால் இவருக்கு வசதி. நடந்தே போய் வந்தார். மதராஸ் ரெஜிமென்ட்காரர் நீலகிரி வெல்லிங்டனுக்கும், மதராஸ் எஞ்சினீயர் குரூப்காரர் பெங்களூருக்கும் எழுத வேண்டும். மாதக் கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே எல்லாத் தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பெயர்களை ஒப்பிட்டுவிட்டால், பன்னிரண்டாம் வகுப்பில் தகப்பனார் ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டியதில்லை.

ஓய்வு பெற்றவுடன் ஜில்லா முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு செய்து அடையாள அட்டை வாங்கிவிட வேண்டும். முன்னுரிமை எண்ணைக் குறித்த சான்றை முன்னாள் படைவீரருக்கு இவ்வகை அலுவலகத்தார்தான் தருகிறார்கள். 'இவர் படையில் இருந்தார்' என்று மொட்டையாக எழுதிய தாள் செல்லாது. எந்த வரிசை என்பது அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஊனத்தைக் காட்டி நான்காம் வரிசை கேட்பவரின் தாளில் அது படைச் சேவையால் நேர்ந்தது என்ற வாசகம் இருக்க வேண்டும். இவ்வலுவலகத்தின் பெயர் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலெக்டர் ஆபீஸ் வாசலில் கேட்டால் வழி சொல்லுவார்கள்.

அந்தப் பெண்ணைப் பற்றி நேயர்கள் கேட்பார்கள். ஓராண்டு போயிற்று. நான் மன்னிப்புக் கேட்கப் போயிருந்தேன். அவள் தாயார் காபி கொடுத்தார். அவர் முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. ஹவில்தார், "கோட்டைவிட்டது நானும்தான் தம்பி. என் ஓய்வுத் தேதி எனக்கல்லவா முதலில் தெரியும்?" என்றார். அது அவருடைய பெருந்தன்மை. பெண் மட்டும், "மாமா, அடுத்த தடவை மனுவை நான் நிரப்புகிறேன். நீங்கள் சரிபாருங்கள்" என்றாள். சொன்னபடியே செய்திருக்கிறாள். தாசில்தாரின் சான்றுக்காகத் தகப்பனார் இருமுறை வேலூர் போய் வந்தார். நல அலுவலகத்தில் ஆறாம் வரிசை என்று எழுதி வாங்கியாயிற்று. பெயர்த் திருத்தமும் ஆயிற்று. நீட் தேர்வை மீண்டும் எழுதிவிட்டு மதிப்பெண்ணுக்காகக் காத்திருக்கிறாள். டில்லி, சென்னை இரண்டு மனுக்களுக்கும் வேண்டிய தாள்கள் ஒரே நீல உறையில் அவள் மேஜைமேல் இருக்கின்றன. இரண்டு இடங்களின் கடைசித் தேதி அறிவிப்பையும் அவளே தினமும் காலையில் பார்த்து வருகிறாள்.

இம்மாதம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை 4 மணி முதல் 6 மணி வரை சங்கக் கட்டடத்தில் இருப்பேன். மனுப் போடும் பிள்ளையையும் தகப்பனாரையும் சேர்த்தே வரச் சொல்லுகிறேன். டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய உத்தரவு, பத்தாம் வகுப்புச் சான்று ஆகிய மூன்றும் வேண்டும். புத்தகம் பெரும்பாலும் இரும்புப் பெட்டியின் அடியில், பழைய சீருடைக்குக் கீழே இருக்கும். பிரதி வேண்டாம்; அசலையே கொண்டுவாருங்கள். பாஸ் விதிகள் அடுத்த இதழில்.